ஒரே பந்தி: தமிழ்த் திருச்சபையில் திருவிருந்தின் வரலாறு

நம் வீட்டு விழாக்களில் இலை போடுவதற்கு முன்பே எழும் வினா ஒன்று உண்டு: முதற் பந்தியில் யார் அமர்வது? ‘பங்க்தி’ என்னும் வடசொல்லின் வழிவந்த ‘பந்தி’ வரிசை என்று பொருள்படும். வரிசை என்றால் அதற்கு முதலும் கடையும் உண்டு. உள்ளே அமர்ந்தோரும் வெளியே காத்து நிற்போரும் உண்டு. ‘பந்திக்கு முந்து’ என்னும் பழமொழிக்கு எத்தனை விளக்கம் கூறினாலும், பந்திக்குப் பிந்தியவருக்கு நேரும் குறையை நம் முன்னோர் அறிந்தே இருந்தனர். இந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு, கிறிஸ்தவர்களின் திருவிருந்து தமிழ்மண்ணில் கடந்துவந்த வழியை இவ்வுரையில் காண முயல்வோம்.

தாம் சிலுவையில் அறையப்படுவதற்கு முந்திய இரவில் இயேசு தம் சீடரோடு அமர்ந்து அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார்; கிண்ணத்தைப் பகிர்ந்தார்; தம் நினைவாக இதனைச் செய்யும்படி கூறினார். அந்த இரவின் உணவே உலகெங்கும் திருச்சபையின் நடுநாயகமான வழிபாடாக நிலைபெற்றது. அப்பமும் இரசமும் எவ்வகையில் கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் ஆகின்றன என்பது பற்றி இறையியலார் பல நூற்றாண்டுகளாக வாதிட்டுள்ளனர். நாம் இங்கே எடுத்துக்கொள்வது வேறொரு வினா. அந்தப் பந்தியில் யாரோடு யார் அமர்ந்தனர் என்பதே அது.

சொற்களில் உறைந்த வரலாறு

முதலில் பெயர்களைப் பார்ப்போம். கிரேக்கத்தில் இவ்விருந்து ‘யூகரிஸ்தியா’ எனப்பட்டது. நன்றி செலுத்துதல் என்பது அதன் பொருள். ‘கொய்னோனியா’ என்னும் மற்றொரு சொல் பங்குடைமையைக் குறித்தது. தமிழ் விவிலியம் அதனை ‘ஐக்கியம்’ என்று பெயர்த்தது. கத்தோலிக்கர் ‘நற்கருணை’ என்கின்றனர். அவர்களிடையே பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை பெறும் நாள் இன்றும் ‘புதுநன்மை’ எனப்படுகிறது. சீர்திருத்தச் சபையார் ‘இராப்போசனம்’ என்றும் ‘திருவிருந்து’ என்றும் வழங்குகின்றனர். ‘அப்பம் பிட்குதல்’ என்று எளிமையாகச் சொல்லும் சபைகளும் உண்டு.

இவற்றுள் ‘விருந்து’ என்னும் சொல் நம் சிந்தனைக்குரியது. பழந்தமிழில் அச்சொல்லுக்குப் புதுமை என்று பொருள். புதுமையைக் குறித்த சொல் புதிதாக வந்தவரைக் குறித்தது. பின்னர் அவருக்குப் படைக்கும் உணவையும் குறித்தது. வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தபோது அவர் கருதிய விருந்தினர், நம்மைத் தேடிவரும் புதியவரே. ஆகவே ‘திருவிருந்து’ என்று பெயரிட்டவர்கள், அறிந்தோ அறியாமலோ, அப்பந்தியில் அயலாருக்கும் இடம் உண்டு என்று சொல்லிவைத்தனர்.

இன்னொரு சொல் ‘பங்கு’. தமிழ்க் கத்தோலிக்கர் தம் வட்டாரத் திருச்சபையைப் ‘பங்கு’ என்றும் அதன் குருவைப் ‘பங்குத்தந்தை’ என்றும் அழைக்கின்றனர். ஒரே அப்பத்தில் பங்குகொள்வோரின் கூட்டமே பங்கு என்று கொண்டால் இப்பெயர் எத்துணைப் பொருத்தமானது! சொல் அழகாக அமைந்துவிட்டது. அச்சொல்லுக்கேற்ப வாழ்வு அமைந்ததா என்பதே வரலாறு எழுப்பும் வினா.

கொரிந்துவில் தொடங்கிய சிக்கல்

பந்திச் சிக்கலைத் தமிழர் மட்டுமே திருச்சபைக்குள் கொண்டுவந்தனர் என்று எண்ணிவிடலாகாது. கி.பி. 55ஆம் ஆண்டை ஒட்டிக் கொரிந்து நகரச் சபைக்குப் பவுல் எழுதிய முதல் மடலிலேயே அது வெளிப்படுகிறது. அங்கே திருவிருந்து ஒரு முழு உணவோடு சேர்த்தே நடந்தது. வசதியுடையோர் முந்திக்கொண்டு உண்டனர்; இல்லாதவர் பசியோடு இருந்தனர். பவுல் இதனைக் கடுமையாகக் கண்டித்தார். இல்லாதவர்களை வெட்கப்படுத்திவிட்டு உண்பது ஆண்டவரின் விருந்தாகாது என்பது அவர் வாதம்.

கி.பி. 112ஆம் ஆண்டளவில் பித்தினியா நாட்டு ஆளுநர் பிளினி, உரோமைப் பேரரசர் திராயனுக்கு ஒரு மடல் விடுத்தார். கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடிப் பாடுவதையும், பின்னர் மீண்டும் கூடிச் சாதாரணமான, தீங்கற்ற உணவை உண்பதையும் விசாரணையில் அறிந்ததாக அவர் குறிப்பிடுகிறார். அவ்விசாரணைக்காக அவர் வதைத்தவர்களுள் இருவர் அடிமைப் பெண்கள். சபையில் ஊழியப் பொறுப்பில் இருந்தவர்கள். உரோமை வீடுகளில் உணவைப் பரிமாறிவிட்டு ஒதுங்கி நிற்கவேண்டிய அடிமைகளுக்கு இப்பந்தியில் பொறுப்பான இடம் இருந்ததை அம்மடல் தன்னையறியாமலே பதிவு செய்கிறது.

ஏறத்தாழ கி.பி. 155இல் உரோமையில் யுஸ்தீன் எழுதிய நூல் ஞாயிறு வழிபாட்டின் ஒழுங்கை விளக்குகிறது. வாசகம், உரை, மன்றாட்டு, அப்பமும் கிண்ணமும் பகிர்தல் என்று அது செல்கிறது. வரமுடியாதவர்களுக்கு அப்பத்தைத் திருத்தொண்டர் எடுத்துச்செல்வர். அதே வேளையில் திரட்டப்படும் காணிக்கை அனாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் நோயுற்றோருக்கும் சிறைப்பட்டோருக்கும் சேரும். பந்திக்கு வர இயலாதவரும் பந்திக்கு உரியவரே என்பது அவ்வொழுங்கின் உட்பொருள்.

நூற்றாண்டுகள் செல்லச்செல்ல அச்சமும் பயபக்தியும் பெருகின, உண்போர் குறைந்தனர். ஆண்டுக்கு ஒருமுறையேனும் நற்கருணை பெறவேண்டும் என்று 1215இல் நான்காம் இலாத்தரான் சங்கம் கட்டளையிட வேண்டியதாயிற்று. 1415இல் கான்ஸ்டன்ஸ் சங்கம் பொதுமக்களுக்குக் கிண்ணத்தை மறுத்தது. அதே ஆண்டில் அந்நகரில் எரிக்கப்பட்ட யான் ஹுஸின் வழிவந்த பொகீமியர், கிண்ணத்தையே தம் அடையாளமாக ஏந்திப் போராடினர். 1529இல் மார்பர்க் நகரில் லூதரும் சுவிங்லியும் நேருக்குநேர் பேசியும் இவ்விருந்தின் பொருள் பற்றி உடன்பாடு காணாமல் பிரிந்தனர். ஒன்றுபடுத்த வந்த விருந்தே பிரிவின் எல்லைக்கல்லாக மாறிய பின்னரே, ஐரோப்பியத் திருச்சபைகள் அதனைத் தமிழ்க்கரைக்குப் பரவலாகக் கொண்டுவந்தன.

தமிழ்க்கரையில் அப்பமும் கிண்ணமும்

கடலோரப் பரதவரிடையே பணியாற்றிய அன்றிக்கே அன்றிக்கசு அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. இந்திய மொழிகளில் தன் எழுத்திலேயே முதலில் அச்சுக் கண்ட மொழி தமிழ் என்னும் பெருமையை நமக்குத் தந்த நூல் அது. 1580இல் கொச்சியில் வெளிவந்த ‘கொம்பெசியோனாயரு’ பாவமன்னிப்புப் பெறுவோருக்கான கையேடு. பெயரே காட்டுவதுபோல், அக்காலத்தில் போர்த்துகீசியச் சொற்கள் தமிழ் எழுத்தில் அப்படியே குடிபுகுந்தன. நற்கருணை அப்பத்தைக் குறிக்கும் ‘ஓஸ்தி’ அவ்வாறு வந்து இன்றும் நிலைத்திருப்பது. பின்னர் மெல்ல மெல்லப் பூசை, நற்கருணை, திருப்பலி எனத் தமிழரின் வழிபாட்டுச் சொல்வளம் அவ்விடத்தை நிரப்பிற்று.

1706 சூலை 9ஆம் நாள் சீகன்பால்குவும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் கரையிறங்கினர். மறு ஆண்டிலேயே புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. சீர்திருத்தச் சபையின் இராப்போசனம் தமிழில் நடைபெறலாயிற்று; கிண்ணமும் மக்கள் கைக்கு வந்தது. 1733இல் ஆரோன் என்னும் தமிழர் குருப்பட்டம் பெற்றார். மொழித் தடை நீங்கியது. கிண்ணத் தடையும் நீங்கியது. நீங்காத தடை ஒன்று எஞ்சியது. அதுவே சாதி.

இராசநாயக்கன் என்பவரின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த இவர் தஞ்சை அரசரின் படையில் பணிபுரிந்தவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ் நூல்களைத் தாமே வாசித்து அச்சபையை நாடி வந்து, சிறந்த உபதேசியாராக விளங்கினார். அவருக்குக் குருப்பட்டம் அளிப்பது பற்றி மிஷனெரிகள் எண்ணிப் பார்த்தபோது, பிற சாதிக் கிறிஸ்தவர்கள் அவர் கையால் இராப்போசனம் பெறமாட்டார்கள் என்ற தயக்கமே மேலோங்கியது. 1771இல் மறையும்வரை அவர் உபதேசியாராகவே இருந்தார். நற்செய்தியை அவர் வாயால் கேட்க ஆயத்தமாயிருந்தவர்கள், அப்பத்தை அவர் கையால் வாங்க ஆயத்தமாயில்லை.

பாயும் கிண்ணமும்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை, திருச்சிராப்பள்ளி, வேப்பேரி சபைகளில் நிலவிய வழக்கத்தை அக்காலப் பதிவுகள் விவரிக்கின்றன. வெவ்வேறு சாதியார் ஆலயத்தில் வெவ்வேறு பக்கங்களில், வெவ்வேறு பாய்களில் அமர்ந்தனர். திருவிருந்துப் பந்தியை வெவ்வேறு வேளைகளில் அணுகினர். ஒருகாலத்தில் கிண்ணங்களும் தனித்தனியாக இருந்தன. தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளைக் கொடுமையைப் பற்றிக் கேள்விப்பட்டோர், அதற்கு முன்னரே பலிபீடத்தருகில் அக்குவளைகள் இருந்தமையை அறியும்போது திகைப்படைவர்.

1833 சூலையில் கல்கத்தா ஆயர் தானியேல் வில்சன் ஒரு சுற்றுமடல் விடுத்தார். சபைக்குள் சாதி வேறுபாடுகளை உடனடியாகவும் அறுதியாகவும் கைவிடவேண்டும் என்பது அதன் கட்டளை. வேப்பேரியிலும் தஞ்சையிலும் பெருந்தொகையினர் சபையைவிட்டு விலகினர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்ற பெரும்புலவரும் இத்தகைய சீர்திருத்தத்தை எதிர்த்து எழுதியவரே. சாதி என்பது உலகியல் ஒழுங்கு. அதனைச் சமயத்தோடு குழப்பலாகாது என்பது எதிர்த்தோர் வாதத்தின் சாரம். 1850இல் சென்னை மிஷனெரி மாநாடு இதற்கு நேர்மாறான அளவுகோலை வகுத்தது. எச்சாதியாரோடும் உடனமர்ந்து உண்ண மறுப்பவர் சாதியை விட்டவராகக் கருதப்படமாட்டார் என்பது அதன் நிலைப்பாடு. லைப்சிக் மிஷனின் தலைவர் கார்ல் கிரவுல் இதனை ஏற்கவில்லை. சட்டத்தால் திணிக்காமல் காலப்போக்கில் மாற்றவேண்டிய சமூக வழக்கு அது என்று அவர் கருதினார்.

இரு தரப்பாரும் ஓர் உண்மையில் உடன்பட்டிருந்ததை நாம் கவனிக்கலாம். சாதியின் உயிர்நிலை உணவுப் பந்தியில் இருக்கிறது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. கொள்கையளவில் சமத்துவத்தை ஒப்புக்கொள்வது எளிது. பக்கத்து இலையில் யார் என்பதே சோதனை.

கத்தோலிக்கத் தரப்பிலும் இச்சோதனை கடுமையாகவே இருந்தது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் ஆலயம் இரு சாதியாருக்கென இரண்டு நீள்கூடங்களோடு கட்டப்பட்டது. இரண்டும் பலிபீடத்தருகே மட்டுமே சந்தித்தன; நடுவே சுவர் நின்றது. 1910இல் அத்தடுப்பு இடிக்கப்பட்டது. அதனை எதிர்த்துத் தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றும், தனியிடம் கோரியவர்களுக்கு வெற்றி கிட்டவில்லை. ஒரே அப்பத்தை உண்ண இரண்டு கூடங்களைக் கட்டிய கைகளே, அதே தலைமுறையிலோ அடுத்த தலைமுறையிலோ, அச்சுவர் இடிவதையும் கண்டன.

ஒன்றுபட்ட பந்தி

நெல்லைச் சபைகளில் ‘அசனம்’ என்றொரு விழா இன்றும் நடைபெறுகிறது. சபையார் அரிசியும் பொருளும் கொடுத்து, பெரிய பாத்திரங்களில் பொதுவில் சமைத்து, வரிசையாக அமர்ந்து உண்பர். இது இராப்போசனம் அன்று. ஆயினும் ஆதித் திருச்சபையின் ‘அன்பின் விருந்து’ என்னும் வழக்கத்துக்கு இது உறவு. கொரிந்துவில் பழுதுபட்டுப்போன பொதுவுணவைத் தமிழகத்துச் சிற்றூர்ச் சபைகள் சோறாகவும் குழம்பாகவும் மீட்டெடுத்துக்கொண்டன என்று கொள்ளலாம்.

இப்பகுதியின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர் வே. ச. அசரியா. 1910இல் எடின்பரோ மாநாட்டில், அயலக மிஷனெரிகளுக்கும் இந்தியருக்கும் இடையே உண்மையான நட்பு வேண்டும் என்று அவர் ஆற்றிய உரை அரங்கத்தை உலுக்கியது. சாதியைக் கண்டித்த மிஷனெரிகளின் மேசையிலும் ஒரு பந்தி வேறுபாடு இருந்ததை அது வெளிப்படுத்தியது. 1912இல் அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய ஆயரானார். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய இந்தியக் குருமார் குழுவில் அவரும் ஒருவர். மேலை நாடுகளின் பிரிவுகள் தம்மீது சுமத்தப்பட்டவை என்றும், ஒன்றுபட்ட திருச்சபை வேண்டும் என்றும் அக்குழு அறிக்கை விடுத்தது.

பேச்சுவார்த்தை 28 ஆண்டுகள் நீண்டது. எவருடைய குருத்துவம் செல்லும், எவர் கையால் திருவிருந்து பெறலாம் என்பதே அதன் கடினமான முடிச்சு. 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு சபைகளும், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகளை உள்ளடக்கிய தென்னிந்திய ஐக்கிய சபையும் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயின. நாடு விடுதலை பெற்று ஆறு வாரங்களே கடந்திருந்தன. அசரியா அந்நாளைக் காணவில்லை. 1945இன் முதல் நாளில் அவர் மறைந்திருந்தார்.

1950இல் அத்திருச்சபை வெளியிட்ட திருவிருந்து வழிபாட்டு முறை உலகத் திருச்சபைகளின் கவனத்தை ஈர்த்தது. குரு மக்களை நோக்கி நின்றார். அப்பமும் இரசமும் படைக்கப்படுமுன் சபையார் ஒருவர்க்கொருவர் சமாதானம் கூறும் பழைய வழக்கம் மீண்டும் இடம்பெற்றது. கேரளத்துச் சீரியக் கிறிஸ்தவரின் மரபைப் பின்பற்றி, ஒருவர் உள்ளங்கையை மற்றவர் உள்ளங்கைகளுக்கிடையே ஏந்தி அது வழங்கப்பட்டது. பிற நாட்டார்க்கு இது அழகிய சடங்கு. தீண்டலைக் குற்றமாக்கி வைத்திருந்த ஒரு சமூகத்தில், முன்பின் அறியாதவரின் கையைத் தொட்ட பின்னரே பந்தியை அணுகவேண்டும் என்ற இவ்வொழுங்கின் எடையை நம்மவரே முழுமையாக உணர முடியும்.

நம் மண்ணில்

சிங்கப்பூரிலும் மலாயாவிலும் குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்கள் இவ்வரலாறு முழுவதையும் தம்மோடு சுமந்து வந்தனர். சிங்கப்பூரில் குயின் ஸ்திரீட்டில் 1870இல் எழுந்த தூய பேதுரு பவுல் ஆலயத்தில் சீனக் கத்தோலிக்கரும் தமிழ்க் கத்தோலிக்கரும் ஒன்றாக வழிபட்டனர். 1888இல் ஓபிர் சாலையில் லூர்து அன்னை ஆலயம் தமிழருக்கென அமைந்தது. மொழிக்கென அமையும் தனி வழிபாட்டையும் சாதிக்கென எழும் சுவரையும் ஒன்றாகக் கருதிவிடலாகாது. முன்னது ஒவ்வொருவருக்கும் பொருள் விளங்குவதற்காக. பின்னது ஒருவரை ஒருவர் தீண்டாதிருப்பதற்காக. ஆயினும் முன்னதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரே கூரையின்கீழ் காலையில் ஒரு மொழியும் பிற்பகலில் ஒரு மொழியுமாக வழிபடும் சபைகள், ஆண்டில் சில நாள்களேனும் பல மொழியாரும் கூடிய திருவிருந்தை நடத்துவது அவ்வெல்லையை நினைவூட்டத்தான்.

இத்தீவின் வரலாற்றில் திருவிருந்தின் பொருளை உணர்த்தும் நிகழ்வு ஒன்றுண்டு. ஜப்பானியர் ஆட்சியில், 1943 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய ‘இரட்டைப் பத்து’ நடவடிக்கையைத் தொடர்ந்து பலர் விசாரணைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் ஆயர் லெனர்ட் வில்சனும் அவர்களுள் ஒருவர், கடுமையாக வதைக்கப்பட்டார். போர் முடிந்தபின், தம்மை வதைத்தவர்களுள் ஒருவருக்கே அவர் திடப்படுத்தல் அளித்தார். திடப்படுத்தல் பெற்றவரே திருவிருந்தில் பங்குபெறுவது அன்றைய ஆங்கிலிக்கன் ஒழுங்கு. எனவே ஆயர் அந்த மனிதருக்குத் திறந்தது பந்தியின் வாயிலையே. அடித்த கை அப்பம் வாங்க நீண்டது. அடிபட்டவர் அதனைத் தடுக்கவில்லை. சாங்கிச் சிறையில் ஒன்றாக அடைபட்டிருந்த பல்வேறு சபைத் தலைவர்களின் சிந்தனையில் உருவான கூட்டு முயற்சியே 1948இல் திரித்துவ இறையியல் கல்லூரியாக மலர்ந்தது. தென்னிந்தியாவில் நெடிய பேச்சுவார்த்தை செய்த பணியை இங்கே சிறைச்சுவர் ஓரளவு செய்தது.

இவ்வரலாற்றை வெற்றிக்கதையாக முடிக்க நம்மால் இயலவில்லை. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இன்றும் ஒரே பந்தியில் நற்கருணை பெறுவதில்லை. 1982இல் லீமா நகரில் பல சபையினர் இணைந்து உருவாக்கிய உடன்பாட்டு ஆவணம் இடைவெளியைக் குறைத்தது, நீக்கவில்லை. தமிழகத்தில் கல்லறைத் தோட்டத்திலும் திருமணப் பேச்சிலும் சாதி கேட்கும் கிறிஸ்தவர்கள் மறைந்துவிடவில்லை. ஒரே கிண்ணத்தில் பருகியவர்கள் வாயிலைக் கடந்ததும் தனித்தனியே பிரிந்துசெல்லும் காட்சி, பவுல் கொரிந்துவில் கண்டதினின்று வெகுதொலைவில் இல்லை.

ஆனாலும் வரலாறு ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. பாய்கள் ஒன்றாயின, கிண்ணங்கள் ஒன்றாயின, சுவர் இடிந்தது. அவற்றுள் எதுவும் தானாக நிகழவில்லை. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர், இதுவரை அமராத ஒருவருக்குப் பக்கத்தில் போய் அமர்ந்தார். மொழியைக் காப்போராகிய நமக்கு இதில் ஒரு பொறுப்பு உண்டு. விருந்து என்னும் சொல் புதியவரைக் குறித்தது என்பதை அகராதியில் மட்டும் காத்துவைத்தால் போதாது. அடுத்த முறை பந்தியில் இலை போடப்படும்போது, நம் பக்கத்து இலைக்கு யார் இன்னும் வரவில்லை என்று நாம் திரும்பிப் பார்க்கவேண்டும்.